இளவட்டக்கல்லும் வீடியோ கேமும்

கோடை விடுமுறைக்கு என் அண்ணன் மகன் பாளையங்கோட்டை வீட்டுக்கு வந்திருந்தான். வயது பன்னிரண்டு. வந்த மூன்றாம் நாள் மாலை, முன்னறையில் டிவிக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன், கண்ட்ரோலரை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான். "அத்தை, இந்த கேம் ஏமாத்துது. நான் அமுக்குதேன், அது குதிக்க மாட்டேங்கு" என்றான். கோபத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. கரும்பலகையில் போட்ட கணக்கில் தப்பு இருப்பதாக எழுந்து நின்று சொல்லும் பிள்ளையின் குரலில் சொன்னான். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே அறையில், இதே சொற்களை இவனுடைய அப்பாவிடம் நான் சொல்லியிருக்கிறேன் என்பதால் அந்தப் புகாரை என்னால் எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

அவன் ஆடியது 2018-இல் வெளிவந்த செலஸ்ட். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள். குதிக்கலாம், சுவரைப் பற்றிக்கொள்ளலாம், அந்தரத்தில் ஒரு முறை பாயலாம். மறுபடி பாய்வதற்குப் பெரும்பாலும் காலைத் தரையில் ஊன்றியாக வேண்டும். முள்ளில் பட்டாலோ பள்ளத்தில் விழுந்தாலோ உயிர் போகும். போன மறுகணமே அதே திரையின் தொடக்கத்தில் அவள் மீண்டும் நிற்பாள். எத்தனை முறை செத்தோம் என்பதை ஆட்டமே எண்ணி வைத்துக் காட்டவும் செய்கிறது. மூன்றாவது அத்தியாயமான ஹோட்டலில், ஒரே திரையில் அவன் எழுபது முறைக்கு மேல் செத்திருந்தான். எப்படிப் போனது என்று கேட்டேன். "ஓடி வந்து விளிம்புல குதிச்சேன். குதிக்காம விழுந்துட்டு" என்றான். என் கண்ணெதிரே மூன்று முறை ஆடச் சொல்லிப் பார்த்தேன். மூன்று முறையும் அதே பதில். எழுபது சாவுக்கும் ஒரே காரணத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளையைக் கவனமில்லாமல் ஆடுகிறான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியானால் இந்தக் கடினம் எங்கே இருக்கிறது, ஆட்டத்திலா, அவன் கையிலா, இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெட்டியிலா என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு வீடியோ கேம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். நின்டெண்டோ என்ற ஜப்பானிய நிறுவனம் வீட்டில் ஆடுவதற்கென்று செய்த கேம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல் இயந்திரங்களே அப்போது நம் பக்கத்துக் கடைகளில் கிடைத்தன. மஞ்சள் நிறக் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக், டிவியின் முதுகில் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டுச் செருக வேண்டிய ஒரு வயர். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் ஆட்டங்கள் இருப்பதாக அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் அதே ஏழெட்டு ஆட்டங்கள் வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வரும். காசு கொடுத்து உட்கார்ந்து ஆடும் கேம் கடைகளுக்குப் பையன்கள் மட்டுமே போவார்கள், பெண்பிள்ளை போகும் வழக்கம் இல்லை. ஆகவே நான் கற்றதெல்லாம் இந்த முன்னறையில், அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கற்றவை.

நாங்கள் அதிகம் ஆடியது காண்ட்ரா. 1987-இல் காசு போட்டு ஆடும் இயந்திரமாக கோனாமி வெளியிட்ட அந்த ஆட்டம், 1988-இல் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. ஆளுக்கு மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஓர் உயிர். மூன்றாவது ஸ்டேஜ் அருவி. பாபநாசத்தில் அகத்தியர் அருவிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த கண்களுக்கு அந்தத் திரை அந்நியமாகத் தெரியவில்லை. அதில் பக்கவாட்டில் ஓடுவதற்குப் பதிலாகத் திட்டுத் திட்டாக மேலே தாவ வேண்டும். ஒருவர் ஏறினால் திரையும் கூடவே ஏறும். திரையின் அடிவிளிம்புக்குக் கீழே தங்கிவிட்டவர், பக்கத்தில் எதிரியே இல்லாவிட்டாலும் செத்துப்போவார். அண்ணன் ஏறுவான், நான் சாவேன். கேம் ஏமாற்றுகிறது என்று நான் சொன்னது அந்த இடத்தில்தான். தனியாக ஆடும்போது சாதாரணமாகக் கடந்துவிடுகிற அருவி, இரண்டு பேராக ஆடும்போது மட்டும் பெரும்பாடாக இருந்தது. எதிரிகள் கூடவில்லை, குண்டுகள் கூடவில்லை. இன்னொருவருடைய வேகத்துக்கு ஈடுகொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டுமே கூடியிருந்தது. ஓர் ஆட்டத்தின் கடினத்தை அதன் எதிரிகளை எண்ணி அளந்துவிட முடியாது என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்த அருவி.

காண்ட்ராவில் எட்டு ஸ்டேஜ்கள். சேமித்து வைக்கும் வசதி கிடையாது. உயிரும், தோற்ற ஸ்டேஜிலிருந்து தொடர விடும் கண்டினியூவும் தீர்ந்துவிட்டால் முதல் ஸ்டேஜிலிருந்து தொடங்க வேண்டும். கரண்ட் போனாலும் அப்படியே, அது அடிக்கடி போகும். ஆறாவது ஸ்டேஜில் ஓர் இடம் பிடிபடவில்லை என்றால், அந்த இடத்தில் இன்னொரு முயற்சி செய்து பார்ப்பதற்கு முந்தைய ஐந்து ஸ்டேஜ்களையும் நாங்கள் கூலியாகக் கொடுக்க வேண்டியிருந்தது. கடினத்தின் பெரும்பகுதி இந்தக் கூலியில் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். செலஸ்டில் ஒரு திரையைக் கடப்பது காண்ட்ராவின் எந்த இடத்தையும்விட விரலுக்குக் கடினம். ஆனால் தோற்றவனை அது காக்க வைப்பதே இல்லை. அதனால்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரே மாலையில் எழுபது முறை முயல முடிகிறது. 2009-இல் வந்த டீமன்ஸ் சோல்ஸும் 2011-இல் வந்த டார்க் சோல்ஸும் வேறொரு விதமாகக் கூலி கேட்கின்றன. ஹிடெட்டாகா மியாசாகி இயக்கிய அந்த ஆட்டங்களில், எதிரிகளைக் கொன்று சேர்த்து வைத்த ஆன்மாக்கள்தான் காசு; செத்தால் அவை செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பப் போய் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் அவை என்றைக்கும் போய்விடும். எதிரியின் வாளைவிட, கீழே விட்டுவந்ததை எடுக்கப் போகும் அந்த நடைதான் நெஞ்சைப் பிடிக்கிறது.

இந்தக் கூலி எங்கிருந்து வந்தது என்பதற்குப் பணக் காரணம் உண்டு. காசு போட்டு ஆடும் இயந்திரத்தில் ஆடுபவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். ஆனால் தோல்வி அநியாயமாகத் தோன்றினால் அவர் அடுத்த காசை எடுக்காமல் போய்விடுவார். அந்த இடைவெளியில் நின்று பழகிய தலைமுறைதான் வீட்டு ஆட்டங்களையும் செய்தது. நம் ஊர்க் கடைகளில் கணக்கு வேறாக இருந்தது என்று அண்ணன் சொல்வான். அங்கே காசு மணிக்கு, உயிருக்கு இல்லை. காசு பறிப்பதற்கென்று செதுக்கிய கடினத்தை, நேரத்துக்குக் காசு கொடுத்தவர்கள் ஆடினார்கள். அதில் செத்துச் செத்துப் பழகுவதில் கடைக்காரருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஒருநாள் அண்ணன் பள்ளியிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரியை எழுதிக்கொண்டு வந்தான். மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ. தொடக்கத் திரையில் இதை அமுக்கினால் மூன்று உயிர் முப்பதாகும். கோனாமியில் வேலை பார்த்த கசுஹிசா ஹஷிமோட்டோ, 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்ப்பதற்குத் தமக்கே அது மிகக் கடினமாக இருந்ததால் போட்டு வைத்த சுருக்குவழி அது என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. ஆக்கியவரின் கையே தன் ஆட்டத்துக்குப் போதவில்லை என்பது எனக்கு மிகவும் முக்கியமான செய்தி. முப்பது உயிரோடு நாங்கள் காண்ட்ராவை முடித்தோம். ஆனால் அந்த முப்பதில் நாங்கள் பார்ப்பதையே நிறுத்திவிட்டிருந்தோம். குண்டு எங்கிருந்து வருகிறது என்று கவனிக்க வேண்டிய தேவை போயிருந்தது. அண்ணன்தான் மறுபடி மூன்று உயிருக்குத் திரும்பினான். அப்போதுதான் ஒவ்வோர் எதிரியும் வரும் இடமும் நேரமும் எங்கள் விரல்களுக்கு மனப்பாடமாயின.

இன்னொரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி விநாடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம் நாட்டில் அப்போதிருந்த PAL என்ற ஒளிபரப்பு முறையில் அது 50. அறுபதுக்கென்று எழுதிய ஆட்டத்தை ஐம்பதில் ஓடும் நகல் பெட்டியில் அப்படியே போட்டால், எல்லாமே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் நடக்கும். குண்டும் மெதுவாக வரும், பாட்டும் மெதுவாக ஒலிக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் ஆடிய பிள்ளைகளுக்குக் கிடைத்த காண்ட்ரா, அதை எழுதியவர்கள் மனத்தில் வைத்திருந்த காண்ட்ரா ஆகாது. ஒரே கேசட், ஒரே நிரல். கடினம் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு.

என் அம்மாவுக்குப் பிறந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். பணகுடிக்கு அருகே வடலிவிளையில் பொங்கலை ஒட்டி இளவட்டக்கல் தூக்கும் போட்டி நடப்பதைச் சிறுவயதில் மாமாவின் தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கல்லைத் தூக்குபவர் குந்தி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கல்லுக்கு அடியில் கொடுத்து, முதலில் மடிக்கு ஏற்றுவார். மடியிலிருந்து நெஞ்சுக்கு, நெஞ்சிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து முதுகுக்குப் பின்னால். பார்க்கிறவர்களுக்குக் கல்லின் எடைதான் தெரியும். ஆனால் தூக்கி இறக்கிய மாமா சொன்னது வேறு. அந்தக் கல் உருண்டை; விளிம்பு கிடையாது, பிடி கிடையாது, தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு வழுவழுவென்று இருக்கும். அதே எடையுள்ள நெல் மூட்டையைத் தூக்குகிறவர் இந்தக் கல்லை மடிக்குக்கூட ஏற்ற முடியாமல் போவார். மடியிலிருந்து நெஞ்சுக்குக் கொண்டுவரும்போது கைகளை எப்போது மாற்றுவது, மூச்சை எங்கே அடக்குவது என்று கற்றவருக்கே அது வசப்படும். சிறுவர்களுக்குச் சிறிய கல், இளவட்டங்களுக்குப் பெரிய கல் என்று வெவ்வேறு எடைகளில் கற்கள் வரிசையாகக் கிடக்கும். எந்தக் கல்லும் தன்னை இன்னொன்றாகக் காட்டிக்கொள்வதில்லை.

பெரும்பாலான ஆட்டங்களின் தொடக்கத்தில் ஈசி, நார்மல், ஹார்ட் என்று மூன்று பலகைகள் வருகின்றனவே, அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெல் மூட்டைதான் நினைவுக்கு வரும். ஹார்டைத் தேர்ந்தெடுத்தால் எதிரியின் உயிர் இரண்டு மடங்காகிறது, நம்முடைய உயிர் பாதியாகிறது. எதிரி புதிதாக எதையும் செய்வதில்லை. பத்து அடியில் சாக வேண்டியவனை இருபது அடி அடிக்கிறோம். எடை கூடியதே தவிர வழுவழுப்பு கூடவில்லை. அதைக் கடினம் என்று சொல்வதைவிட வேலை என்று சொல்வது பொருத்தம். பேய்கள் துரத்தும் பாக்-மேன் 1980-இல் வந்தது. அதை ஆக்கிய டோரு இவாட்டானி நான்கு பேய்களுக்கும் நான்கு விதமான நடையைக் கொடுத்தார். ஒன்று நேராகத் துரத்தும், இன்னொன்று நாம் போகப்போகும் இடத்தைக் குறிவைத்து முன்னால் வந்து மறிக்கும். பேய்கள் நான்குதான், ஆனால் அவை சேர்ந்து செய்யும் வளையம் வேறு வேறாக அமைகிறது. வழுவழுப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

2005-இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 4, ஆடுபவருக்குத் தெரியாமலே தன் கடினத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளும். அடிக்கடி செத்தால் எதிரிகளின் எண்ணிக்கையும் வலுவும் குறையும். நன்றாக ஆடினால் கூடும். அது மிக நன்றாகச் செய்யப்பட்ட ஆட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டை என் மனம் முழுதாக ஏற்கவில்லை. நேற்று முடியாத கல்லை இன்று தோளுக்கு ஏற்றிவிட்ட பிள்ளையிடம், இரவோடு இரவாக அந்தக் கல்லைக் குடைந்து வைத்துவிட்டோம் என்று பிறகு சொல்வது போல இருக்கிறது. சிறிய கல்லைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு குறையும் இல்லை; அதைத் தேர்ந்தெடுத்தது அவனாக இருக்க வேண்டும்.

வேகத்தால் வரும் கடினம் தனி வகை. 1978-இல் டோமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில், எதிரிகளைச் சுடச் சுட மீதமுள்ளவை வேகமாக நகரும். அதை அவர் திட்டமிடவில்லை. திரையில் வரைய வேண்டியவை குறையக் குறைய இயந்திரத்துக்குள் இருந்த அந்தக் காலத்து பிராசசர் விரைவாக வேலையை முடித்தது, ஆட்டம் தானாக வேகமெடுத்தது. அந்த விளைவு ஆட்டத்துக்கு நன்மையே செய்கிறது என்று கண்டு அவர் அப்படியே விட்டுவிட்டார். வேகம் கூடக் கூடக் கடினம் கூடும் என்பது அந்த ஆட்டத்தோடு பரவலாயிற்று. அதன் உச்சம், மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸ்; 1989-இல் நின்டெண்டோ பெட்டிக்கு வந்தது. அதன் 29-ஆவது லெவலில் கட்டை ஒரு சட்டத்துக்கு, அதாவது திரை ஒரு முறை புதுப்பிக்கும் நேரத்துக்கு, ஒரு வரிசை இறங்கும். விநாடிக்கு 60 சட்டம், திரையில் 20 வரிசை. மேலிருந்து கீழே வர விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். பொத்தானை அமுக்கிப் பிடித்துக் கட்டையை ஓரத்துக்குத் தள்ளவே அந்த நேரம் போதாது என்பதால் மனிதர்களுக்கு ஆட்டம் அங்கே முடிகிறது என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். பிறகு, பொத்தானை விரலால் அமுக்குவதற்குப் பதிலாக, ஒரு கையின் விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு, ஜாய்ஸ்டிக்கின் முதுகை மறுகை விரல்களால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டும் முறையைச் சிலர் கண்டுபிடித்தார்கள். நம் ஊர்க் கோயில்களில் தவில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தட்டல் உடனே புரியும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் 157-ஆவது லெவல் வரை போனான். அதற்குமேல் நிரலே திணறி, திரை உறைந்து நின்றுவிட்டது. ஆட்டம் ஓர் எழுத்தும் மாறவில்லை. முடியாதது என்று முப்பது ஆண்டுகள் இருந்தது, பிடிக்கும் விதம் மாறியதும் முடிந்தது.

கைக்கே வேலை வைக்காத கடினமும் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போன இடத்தில், பாடம் முடிந்த பிறகு ஆடிய பிரின்ஸ் ஆஃப் பெர்சியா அதை எனக்குக் காட்டியது. ஜோர்டன் மெக்னர் ஆக்கி 1989-இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில் பன்னிரண்டு லெவல்கள், அறுபது நிமிடங்கள். நான்காவது லெவலில் ஒரு கண்ணாடி குறுக்கே நிற்கும். அதை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் இளவரசனின் நிழல் தனியாகப் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். அந்த நிழல் வழியில் நம் மருந்தைக் குடித்துவிடும், ஓரிடத்தில் கதவை மூடி நம்மைத் தள்ளிவிடும். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கும். நான் பல நாள் அதோடு சண்டை போட்டேன். நிழலுக்கு ஓர் அடி விழுந்தால் எனக்கும் ஓர் உயிர் குறையும். அதைக் கொன்றால் நானும் சாவேன். என் கை பிந்துகிறது என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சலித்துப்போய் வாளை உறையில் போட்டுவிட்டு அதை நோக்கி நடந்தேன். இரண்டு உருவமும் ஒன்றாயின. விடையைச் செய்வதற்குத் திறமையே வேண்டாம், ஒரு பொத்தான் போதும். அந்தப் பொத்தானை அமுக்கலாம் என்று தோன்றுவதற்குத்தான் எனக்கு அத்தனை நாள் பிடித்தது. இதுவரை நான் ஆடியவற்றில் மிகக் கடினமான இடம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அம்மாவையும் ஒருநாள் உட்கார வைத்தோம். எழுபதைத் தாண்டியவர். ஆடு புலி ஆட்டத்தில் இந்தத் தெருவில் அம்மாவை வென்றவர்கள் குறைவு. மூன்று புலி, பதினைந்து ஆடு, இருபத்து மூன்று புள்ளி; ஆட்டை வைத்துக்கொண்டு எதிராளியின் புலிகளை மூலையில் அடைப்பார். அப்படிப்பட்டவரிடம், நாமே நடந்து சுற்றிப் பார்க்கும் வகை ஆட்டம் ஒன்றைக் கொடுத்தபோது, அறையின் கதவை விட்டு வெளியே வர அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. இடது கட்டைவிரல் நடப்பதற்கு, வலது கட்டைவிரல் பார்ப்பதற்கு. "ஏட்டி, நான் கழுத்தத் திருப்புனா அது பாக்க மாட்டேங்குதே, விரலால எப்படிப் பாக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விரலால் பார்ப்பதை நான் எப்போது கற்றேன் என்பதே எனக்கு மறந்துவிட்டது. பழகியவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாத இந்தக் கடினம், புதிதாக வருகிறவருக்கு எதிரி வருவதற்கு முன்பே ஆட்டத்தை முடித்துவிடுகிறது. அவர் கண்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பேரனைப் பார்த்து, "ஏல, நீ புலிய எடு" என்றார். அவன் மூன்று ஆட்டமும் தோற்றான்.

இனி அவனுடைய புகாருக்கு வருகிறேன். ஏமாற்றுகிற ஆட்டங்கள் இருக்கின்றன. 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸின் முதல் திரையில் ஒரு சிறு எதிரி மெதுவாக நடந்து வரும். சும்மா நின்றால் செத்துப்போவோம். அப்போதே குதிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பிறகு பெட்டியிலிருந்து வரும் காளான் வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, நம்மிடமே திரும்பி வருவதால் அதைத் தொட்டால் வளர்வோம் என்றும் தெரியும். யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே ஆட்டம் தன் மொழியைக் கற்பித்துவிடுகிறது. மறு ஆண்டு ஜப்பானில் வந்த இரண்டாம் பாகம் அந்த மொழியையே நமக்கு எதிராகத் திருப்பியது. காளான் போலவே வந்து கொல்லும் நச்சுக் காளான், குதிக்கும் இடத்தில் தலையில் இடிக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டி, முன்னால் கொண்டுபோகாமல் பின்னுக்கு அனுப்பும் வழி. அமெரிக்காவுக்கு அது அப்போது அனுப்பப்படவில்லை. 1993-இல்தான் வேறு பெயரில் போய்ச் சேர்ந்தது. முதல் பாகத்தைக் கரைத்துக் குடித்தவர்களுக்கென்றே செய்த ஆட்டம் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பெட்டியில் இடித்துச் செத்தவர் அந்தச் சாவிலிருந்து கற்பது, அங்கே ஒரு பெட்டி இருக்கிறது என்பதை மட்டுமே. அடுத்த பெட்டிக்கு அந்தப் பாடம் உதவாது.

செலஸ்ட் அப்படிப்பட்டது இல்லை என்பது எனக்குத் தெரியும். அது நேர்மாறாக நடந்துகொள்ளும் ஆட்டம். விளிம்பைத் தாண்டிக் கால் அந்தரத்துக்கு வந்துவிட்ட பிறகும், விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பொத்தானை அமுக்கினால் குதிக்க விடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அமுக்கிவிட்டாலும், தொட்டவுடன் குதிக்க வைக்கும். கறாராகப் பார்த்தால் அந்தத் தாவல் தப்பு. ஆனால் ஆடுபவர் விளிம்பில்தான் அமுக்கினேன் என்று நம்புகிறார், ஆட்டம் அந்த நம்பிக்கையின் பக்கம் நிற்கிறது. அப்படிச் செய்த ஆட்டத்தில், விளிம்பில் குதித்தேன், குதிக்காமல் விழுந்தது என்று ஒரு பிள்ளை எழுபது முறை சொல்கிறான் என்றால், தப்பு ஆட்டத்திலும் இல்லை, அவன் சொல்வதிலும் இல்லை.

மறுநாள் காலை டிவியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். படம் சினிமா முறையில் இருந்தது. இன்றைய டிவிகள் வருகிற படத்தை அப்படியே காட்டுவதில்லை. வாங்கி, மெருகேற்றி, அசைவை மென்மையாக்கி, பிறகே காட்டுகின்றன. திரைப்படம் பார்க்கும்போது அந்தத் தாமதம் தெரியாது, ஒலியும் சேர்ந்தே தாமதமாக வரும். ஆட்டத்தில் நாம் அமுக்குவதும் திரை காட்டுவதும் அந்த அளவுக்கு விலகிப்போகின்றன. சில டிவிகளில் அது விநாடியில் பத்தில் ஒரு பங்கையும் தாண்டும். அவன் திரையில் விளிம்பைப் பார்த்த நேரத்தில், ஆட்டத்துக்குள் மேடலின் விளிம்பைக் கடந்து போய்விட்டிருந்தாள். பிள்ளை பிழைக்கட்டும் என்று ஆக்கியவர்கள் ஒதுக்கி வைத்த அந்தச் சிறு சலுகையை டிவி எடுத்துக்கொண்டுவிட்டது. கேம் முறைக்கு மாற்றினேன். படம் கொஞ்சம் வெளிறிப்போயிற்று. பழைய குமிழ்த் திரை டிவியில் இந்தத் தொல்லை கிடையாது; அதனால் நான் இதை முதல் நாளே சந்தேகிக்கவில்லை.

அவனிடம் எதுவும் சொல்லாமல் ஆடச் சொன்னேன். ஒன்பதாவது முயற்சியில் அந்தத் திரையைக் கடந்துவிட்டான். கண்ட்ரோலரைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். செய்ததைச் சொன்னேன். "நான் சொன்னேம்லா" என்றான். உண்மைதான், அவன் சொல்லியிருந்தான். அசிஸ்ட் முறை என்று ஒன்று இருக்கிறது, அதில் வேகத்தைக் குறைக்கலாம், சாகாமலும் ஆடலாம் என்பதையும் காட்டினேன். கைநடுக்கம் உள்ளவர்களுக்கும் அவசரம் ஆகாதவர்களுக்கும் அந்த ஆட்டத்தைத் திறந்துவிடுகிற நல்ல கதவு அது, திறப்பதும் ஆடுபவர் கையில் இருக்கிறது. பாட்டிக்குக் கொடுக்கலாம் என்றான். தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த திரைக்குப் போனான். அதில் நாற்பது முறைக்கு மேல் செத்தான். ஏன் செத்தான் என்று ஒவ்வொரு முறையும் அவனே முணுமுணுத்துக்கொண்டான்: "சீக்கிரம் பாஞ்சிட்டேன்", "சுவர விட்டுட்டேன்", "பிந்திட்டேன்".

இரவு அண்ணன் போன் செய்தபோது நடந்ததையெல்லாம் சொன்னேன். பேச்சு காண்ட்ராவுக்குப் போயிற்று. அந்த அருவியில் என்னை வேண்டுமென்றே விட்டுவிட்டு ஏறினாயா என்று, முப்பது ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். அவன் சற்று நேரம் யோசித்தான்.

"ஏட்டி, நீ கீழ நிக்கேன்னே எனக்குத் தெரியாது. மேல இருந்து பாறை உருண்டு வந்துக்கிட்டே இருக்கும்லா, நான் அதைத்தான் பாத்தேன்" என்றான்.